முதல் அடிக்கு முன்னால்

அவருக்குப் பிடித்த சண்டைக் காட்சிகளில் யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். இதோ அடிக்கப் போகிறார்கள் என்கிற இடத்தில் அவர் கை நீண்டு வந்து என் கீபோர்டின் ஸ்பேஸ் பாரைத் தட்டும். படம் நின்றுவிடும். திரையில் ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்கும்.

"அவ்ளோதான். இதுக்கு மேல எக்சர்சைஸு" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அடுத்தவர்கள் சிரிப்பதை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. வேலை ஒழிந்த நேரத்தில் பெரிய திரையில் நல்ல சண்டைக் காட்சி ஒன்றைப் போட்டுப் பார்ப்பது என் ஒரே கெட்ட பழக்கம். ஒரு நடைபாதை, இருபது பேர், கேமரா வெட்டாமல் பின்னாலேயே போகிறது என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு சிநேகிதர் வாய்த்தார். இலை போட்டு, உப்பு வைத்து, கூட்டுப் பொரியல் எல்லாம் வைத்துவிட்டு, சோறு வருகிற நேரத்தில் எழுப்பி விட்டால் எப்படி இருக்கும்? அவரோடு படம் பார்ப்பது அப்படித்தான் இருந்தது.

அவர் கோர்ட்டில் அமீனா. ஒரு வீடோ கடையோ இன்னாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் தீர்ப்பாகி, உள்ளே இருப்பவர் காலி செய்யாமல் இருந்தால், போய்க் கதவைத் தட்டி, சாமானை வெளியே எடுக்கவைத்து, ஜெயித்தவரிடம் சாவியை ஒப்படைக்கிற வேலை. தோற்றவர் யாரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவதில்லை. நீதிபதி மேலும் வக்கீல் மேலும் எதிராளி மேலும் இருக்கிற கோபம் எல்லாம் அன்றைக்கு வாசலில் நிற்கிற இந்த மனிதர் மேல்தான் இறங்கும். பின்னால் தகராறு வரக்கூடாது என்று ஜெயித்த தரப்பு அதையெல்லாம் வீடியோ எடுக்கச் சொல்லும். அப்படி ஒரு தடவை போனதில்தான் பழக்கம்.

ஆள் குள்ளம். தொந்தி. அரைக்கைச் சட்டை. முகத்தில் எப்போதும் மத்தியானத் தூக்கம். முதன்முதலில் பார்த்தபோது, இவரை நம்பியா ஒரு கடையைக் காலி பண்ண வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. வாசலில் கூட்டம். கம்பியும் குழாயும் விற்கிற கடை என்பதால் கைக்கெட்டின இடத்திலெல்லாம் ஆயுதம். அவர் என் காதருகே வந்து, அதே தூங்குமூஞ்சிக் குரலில் சொன்னார்.

"கத்துறான் பாரு, செவப்பு சட்டை, அவன உடு. அவன் கத்திட்டுப் போயிடுவான். பின்னாடி பச்ச சட்டை நிக்கிறாரு பாரு. அவரு கண்ணாடிய கழட்டி பாக்கெட்ல வச்சாருன்னா நீ கேமராவ தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போயிடு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பச்சைச் சட்டை கண்ணாடியைக் கழற்றினார். என் கால் தானாகத் தெருப்பக்கம் திரும்பியது. இவரோ நேரே அந்த ஆளிடம் போய் நின்று, "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா" என்றார்.

பச்சைச் சட்டை அவரைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். பிறகு அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அமீனா அண்ணாந்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் சத்தம் இருந்ததே தவிர சண்டை இல்லை. திரும்பி வரும்போது டீக்கடையில் காரணம் சொன்னார்.

"நம்ம ஊர்ல தண்ணி கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. தண்ணி குடுத்த கையால அடிக்கவும் மாட்டாங்க. இருக்கறதுலயே ரொம்ப கோவமா இருக்கறவங்ககிட்டத்தான் கேக்கணும். என் சர்வீஸ்ல ஒரு எடத்துல ஒரு அடி விழுந்தது கெடையாது, பாத்துக்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அந்த முகத்தில் தூக்கம் இல்லை. அவருக்கு அதுதான் சொத்து. ரிடையர் ஆகும் நாளில் மாலை போட்டு, பேசச் சொன்னால், வேறு எதுவும் பேசமாட்டேன், இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்பார்.

அன்றைக்கு நான் சண்டைப் படப் பைத்தியம் என்று தெரிந்துகொண்டவர், அதன்பிறகு லீவு நாட்களில் கடலூரிலிருந்து பஸ் ஏறி என் ஸ்டுடியோவுக்கு வர ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு வேண்டிய காட்சிகளைச் சொல்வார். டீக்கடை பெஞ்சில் ஒருவன் கிளாஸைக் கீழே வைக்கிற காட்சி. படிக்கட்டில் ஒருவன் செருப்பை ஓரமாகக் கழற்றிவிடுகிற காட்சி. சீனப் படம் ஒன்றில் ஒரு கிழவன், ரவுடிகள் சுற்றி நின்றுகொண்டிருக்கும்போது, கிண்ணத்தில் மிச்சம் இருந்த சூப்பைக் குடித்து முடித்து, கிண்ணம் உடைந்துவிடக்கூடாதே என்று சுவரோரம் நகர்த்தி வைப்பான். அந்த இடம் அவருக்கு உயிர். எத்தனை தடவை போட்டாலும் புதிதாகப் பார்ப்பதுபோல் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

"பாத்தியா, கிண்ணத்த நவுத்திட்டான். அப்பவே சண்ட முடிஞ்சிபோச்சு. சுத்தி நிக்கிறவனுங்களுக்குத்தான் இன்னும் தெரியல."

"கெழவன் அதுக்கப்புறம் பெஞ்சு மேல ஏறி ஒரு சுத்து சுத்துவான் சார். அதுக்குத்தான் சார் அந்தப் படமே."

"அதெல்லாம் யாரு வேணா சுத்தலாம்."

"உங்களுக்கு சண்டையே புடிக்கல சார்."

"புடிக்கலதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சியைப் போடச் சொல்வார்.

தமிழ்ப் படம் என்றால் அவருக்குப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. வாட்சைக் கழற்றுவது, காப்பை மேலே ஏற்றுவது, சட்டைக் கையை மடிப்பது, மோதிரத்தைத் திருகுவது, வேட்டியை மடித்துக் கட்டுவது. இதெல்லாம் வெறும் சினிமா சார், ஸ்டைலுக்குப் பண்ணுவது என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். சினிமாக்காரர்கள் தெருவில் பார்த்துத்தான் எடுத்தார்கள், தெருவில் இருப்பவர்கள் சினிமாவைப் பார்த்துத்தான் செய்கிறார்கள், எது முதல் என்று தெரியாது, ஆனால் அடிக்கப் போகிறவன் கை முதலில் தன் உடம்புக்குத்தான் போகும் என்பார். பேசாமல் இருக்கிற ஆளையும், மணிக்கட்டுக்குப் போகிற கையையும் பார்த்துக்கொண்டே இரு என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூடவே இருந்து பார்த்தால் பயமாக இருந்தது. சிதம்பரத்தில் எனக்கு வேண்டிய வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அவரும் வந்திருந்தார். பந்தி நடக்கிறது. பெண்ணின் மாமா ஒருவர், ஆள் வாட்டசாட்டம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வரிசைக்கு எதிரே வந்து நின்று, சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் எச்சில் கையோடு எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாமா திகைத்துப் போனார். அவர் சாம்பார் வாளியைத் தூக்கத்தான் கையைச் சுருட்டியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. இலைக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமீனாவின் மனைவி பக்கத்தில் இருந்தார். என்னிடம் குரலைத் தணித்து, "வீட்லயும் இதே கதைதான் தம்பி. சாப்புட உக்காரும்போது மருமவன் வாட்ச கழட்டுனா, இவரு எழுந்து நின்னுடறாரு. அந்தப் புள்ள இப்பல்லாம் வாட்சோடவே சாப்புடுது" என்றார். சொல்லும்போது அவரும் சிரித்தார். ஆனால் புருஷன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

அவர் ரிடையர் ஆகச் சில மாதங்களே இருந்தபோது திருப்பாதிரிப்புலியூர் வீடு வந்தது. கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. அண்ணன் தம்பி வழக்கு. அண்ணன் பக்கம் ஜெயித்துவிட்டது. தம்பி அந்த வீட்டிலேயே பிறந்து, அங்கேயே அறுபது வயதைத் தாண்டியவர். காலையில் நாங்கள் போனபோது அமீனாவோடு இரண்டு போலீஸ்காரர்கள், பூட்டுக்காரர், கேமராவோடு நான். ஜெயித்தவர்களும் அவர்கள் வக்கீலும் தெருமுனையில் காரில் இருந்தார்கள்.

உள்ளே மூன்று பேர். அந்தப் பெரியவர், அவர் மனைவி, முப்பது வயது மகன். மகன் நிலைப்படியில் நின்று, "எவன் உள்ள வரான்னு பாக்கறேன்" என்றான். கழுத்து நரம்பு தெரிந்தது. அமீனா அவனிடமே போய்த் தண்ணீர் கேட்டார். அவன் நின்றான். அவன் அம்மா உள்ளேயிருந்து, "குடுத்துட்டு வா, அவுங்க இன்னா பண்ணுவாங்க பாவம்" என்று சொல்லவும் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணாந்து குடித்தார். எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்று நானும் கேமராவைத் தோளில் சரிசெய்துகொண்டேன்.

ஆனால் பெரியவர் வாயே திறக்கவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்தே சாமான் கட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கூடத்து நடுவில் இடுப்பளவுக்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் அந்தப் பக்கம். அமீனா இந்தப் பக்கம். நான் சமையலறை வாசலில், இருவருக்கும் பக்கவாட்டில். மகன் ஒவ்வொரு பெட்டியாக வெளியே கொண்டுபோய் நங்கென்று வைத்தான். போலீஸ்காரர்கள் கண் அவன் மேல். என் கண்ணும் அவன் மேல்தான். அமீனா மட்டும் பெரியவரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"ஐயா, வேற எதனா எடுக்கணும்னா எடுத்துக்குங்க. நேரம் இருக்கு" என்றார்.

பெரியவர் நிமிர்ந்தார். இடது மணிக்கட்டுக்கு வலது கை போனது. தோல்வார் போட்ட வாட்ச். அதைக் கழற்றி அட்டைப்பெட்டி மேல் வைத்தார். அமீனாவின் தோள் விறைத்ததை நான் பார்த்தேன். அவர் தண்ணீரை ஏற்கெனவே கேட்டுக் குடித்துவிட்டார். இன்னொரு தடவை கேட்க முடியாது. பெரியவரின் இரண்டு கையும் இடுப்புக்குக் கீழே, வேட்டிக்குப் போயின.

பெட்டிகள் சரிந்தன. அமீனா அவற்றைத் தாண்டிப் பாய்ந்து பெரியவர் கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தார். அந்தத் தொந்தி உடம்பு அவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர் பக்கவாட்டில் சாய்ந்து பூஜை அறை நிலையில் முட்டி, கீழே உட்கார்ந்துவிட்டார். புருவத்தின் மேல் பிளந்து ரத்தம் வந்தது.

மகன் ஓடிவந்தான். கையில் அரிவாள்மணை. இரண்டு போலீஸ்காரர்களும் சேர்ந்து பிடித்தும் அவன் நிற்கவில்லை. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கொலை விழாமல் போனதற்கு ஒரே காரணம் கீழே உட்கார்ந்திருந்தவர்தான்.

"உடுறா. கைய எடு. உடுன்னு சொல்றேன்ல" என்றார் மகனிடம். பிறகு அமீனாவை நிமிர்ந்து பார்த்தார். "வெளக்கு எரிஞ்சிக்கிட்டு இருக்கு சார். எரியற வெளக்க உள்ள வச்சுப் பூட்டுவாங்களா? அத எடுக்கத்தான் போனேன்."

அமீனா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானமே ஜெயித்தவர்களின் வக்கீல் எனக்குப் போன் செய்தார். பெரியவர் அமீனாவை அடிக்கப் பாய்ந்தார், அமீனா தற்காப்புக்குத் தள்ளினார், அரசு ஊழியரைத் தாக்க முயன்றதாக அப்பன் மேலும் மகன் மேலும் புகார் கொடுக்கப் போகிறோம், மகன் அரிவாள்மணையோடு வந்தது மட்டும் இருக்கட்டும், அதற்கு முன்னால் இருக்கிற கொஞ்சத்தை எடுத்துவிடுங்கள் என்றார். உங்கள் சிநேகிதரின் பென்ஷனைக் காப்பாற்றுகிற காரியம் என்றும் சொன்னார். சாயங்காலம் நான் கூப்பிடாமலேயே அந்தச் சிநேகிதர் மாடிப்படி ஏறி வந்தார். ஒரே நாளில் முகம் கறுத்துப் போயிருந்தது. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வக்கீல் பேசுனாரு சார்" என்றேன்.

"தெரியும். நீ ஓட்டு."

ஓட்டினேன். திரையில் பெரியவர் வாட்சைக் கழற்றினார். கைகள் வேட்டிக்குப் போயின. அமீனாவின் விரல் பழக்கதோஷத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. படம் நின்றது. திரையில் அவருடைய கையே ஓங்கியபடி நின்றது. அதுவரை எத்தனையோ பேர் கையை அப்படி நிறுத்திப் பார்த்தவர், தன் கையைப் பார்த்தார்.

"பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா எடு."

ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் நகர்த்தினேன். பிறகு முன்னால். அவர் நின்ற இடத்திலிருந்து பெட்டிகள் மறைத்ததை என் கேமரா பிடித்திருந்தது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைப் பெரியவர் அவிழ்க்கிறார். அது கணுக்கால் வரை இறங்குகிறது. சாமி முன்னால் போகிறவர்கள் தோல் வாட்சைக் கழற்றிவிட்டுச் செய்கிற காரியம்.

"ஏத்திக் கட்டப் போறாருன்னு நெனச்சேன்" என்றார். "எறக்கி உடறாருய்யா."

போதும் சார் என்று நிறுத்தப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார்.

"மேல ஓட்டு."

அறை விழுந்தது. மகன் ஓடிவந்தான். அவனைப் பிடித்தார்கள். பெரியவர் நிலையைப் பிடித்து எழுந்தார், துண்டால் புருவத்தை அழுத்திக்கொண்டு உள்ளே போனார். விளக்கை ஒரு கையில் ஏந்தி, காற்று படாமல் மறு கையால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். துண்டை எடுத்துவிட்டதால் ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. வழியில் அமீனா நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் நவுருங்க சார், அணைஞ்சிடப் போவுது" என்றார் பெரியவர். திரையில் அமீனா நகர்ந்தார். விளக்கு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகிறவரைக்கும் நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை.

"வெட்டாத" என்றார். "இப்டியே குடு. நானும் நடந்தத நடந்த மாதிரி எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"பென்ஷன் போயிடும்ங்கறாங்க சார்."

"போனா போவுது. இத வெட்டிட்டா அவரு எதுக்கு வாட்ச கழட்டுனாருன்னு யாருக்கும் தெரியாம போயிடும். அப்பனும் புள்ளயும் ஜெயில்ல கெடப்பாங்க."

எழுந்து கதவு வரை போனார். திரும்பி, "என் சர்வீஸ்ல ஒரு அடி விழல, ஒரு அடி விழலன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்ல. அது போயிடுமேன்னு பயந்துதான் அடிச்சேன்" என்றார். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த கோபத்தையும் பிரியத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீடியோவை முழுசாகக் கொடுத்தேன். பெரியவர் மேலும் மகன் மேலும் புகார் நிற்கவில்லை. இவர் மேல் விசாரணை வந்தது, தண்டனையும் வந்தது. மாலை, பேச்சு எதுவும் இல்லாமல் வேலையிலிருந்து வெளியே வந்தார். ஒரு தடவை அந்தப் பெரியவர் வாடகைக்கு இருக்கும் வீட்டைத் தேடிப் போனதாகச் சொன்னார். மகன் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டானாம். தண்ணீர் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் பல மாதம் கழித்து, ஒரு லீவு நாளில் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தார். இளைத்திருந்தார். தொந்தி குறைந்து சட்டை தொளதொளவென்று இருந்தது. எதைப் போடட்டும் என்றேன். "அந்தக் கிண்ணத்துக் கெழவன்" என்றார்.

போட்டேன். கிழவன் சூப்பைக் குடித்து முடித்தான். கிண்ணத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான். முதல் ரவுடி கையை ஓங்கினான். அவர் தட்டுவாரே என்று காத்திருந்தேன். தட்டவில்லை. நானே தட்டப் போனேன். "ஓடட்டும்" என்றார்.

கிழவன் பெஞ்சு மேல் ஏறி ஒரு சுற்று சுற்றினான். நான் அத்தனை நாளாக அவருக்குக் காட்ட ஆசைப்பட்ட இடம். அவர் கிழவனைப் பார்க்கவில்லை. முதல் அடியிலேயே விழுந்து, திரையின் இடது மூலையில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த ரவுடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை கடையைவிட்டுத் தெருவுக்குப் போனது. கேமராவும் கூடவே போனது. பத்துப் பதினைந்து பேர் பறந்தார்கள். கடைசி ஆளும் விழுந்து, காட்சி முடிந்து, திரை இருண்டது.

"அவன் எழுந்திரிச்சானா?" என்றார்.

"எவன் சார்?"

"மொதல்ல அடி வாங்கினானே, பெஞ்சுக்கு அடியில கெடந்தானே. அவன் எழுந்திரிச்சானா?"

"அதெல்லாம் காட்ட மாட்டாங்க சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இருண்ட திரையைப் பார்த்தபடியே, "இன்னொருவாட்டி போடு. எங்கனா ஓரமா தெரியறானான்னு பாப்போம்" என்றார்.